மருந்து போடாத பெட்டி

வேலையில் இருந்தவரை என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் சாவி கேட்டுத்தான் வந்தார்கள். ஆய்வகச் சாவி, மருந்து அலமாரிச் சாவி, ஜீப் சாவி. ஓய்வு பெற்ற பிறகு அனுபவம் கேட்டு வருகிறார்கள். போன மாதம் இரண்டு இளம் அலுவலர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து பயிரைக் கெடுக்கும் நூற்புழுவுக்கு நாங்கள் போட்டுக்கொண்டிருந்த பழைய குருணை மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடையாகிக் கடையை விட்டுப் போவதைப் பற்றிப் பேச்சு வந்தது. "சார், காளானுக்குக்கூடப் போட்டுப் பார்த்தீங்களாமே, நிஜமா?" என்று ஒருவர் கேட்டார். கேட்ட விதத்தில் என் வீட்டுக் காபியைக் குடிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையும் இருந்தது. போட்டோம் தம்பி, ஏன் நிறுத்தினோம் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்கார வைத்தேன். அவர்களிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநாவலூர் பக்கம். கரும்பும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம். விலங்கியல் படித்துவிட்டு வேலைக்கு அலையோ அலையென்று அலைந்து, ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் நூற்புழுப் பிரிவின் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். 'புழு எண்ணுற உத்தியோகம்' என்று என் தம்பி கிண்டல் செய்வான். ஆரம்ப வருடங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலைதான். கண்ணாடிப் புனலின் அடியில் ரப்பர் குழாய் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கி, புனல் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மேலே கம்பி வலை வைத்து, மெல்லிய காகிதம் விரித்து, அதன்மேல் மண்ணையோ உரத்தையோ தண்ணீர் தொடும்படி பரப்ப வேண்டும். அதில் நூற்புழு இருந்தால் தானாகவே நெளிந்து நெளிந்து தண்ணீரில் இறங்கும். மறுநாள் கிளிப்பைத் தளர்த்தி நாலு சொட்டுப் பிடித்து நுண்ணோக்கியில் வைத்தால், வெறும் தண்ணீர் என்று நினைத்ததில் வெள்ளி இழைகள் துடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சுலோசனா மேடம். நுண்ணோக்கிமுன் உட்காருவதற்கு முன்னால் வளையல்களையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுவார். அந்த மூடி மூடும் சத்தம் கேட்டால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். புழுக்களை 'இவங்க' என்றுதான் சொல்வார். "இவங்க வாயில ஊசி இருக்கு பாருங்க ராமலிங்கம், இவங்கதான் காளான் இழையைக் குத்திக் குடிக்கிறவங்க. ஊசி இல்லாதவங்க சும்மா குப்பை தின்னுட்டுப் போறவங்க, அவங்களை விட்டுருங்க" என்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் எதையும் இரண்டு முறை கேட்பார். "புனலுக்குத் தண்ணி மாத்தினீங்களா?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஏதோ பேசுகிற மாதிரி, "தண்ணி மாத்தாத புனல் எது?" என்பார். முதல் கேள்விக்கு நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவன் இரண்டாவதில் மாட்டிக்கொள்வான். நானும் மாட்டியிருக்கிறேன்.

மொட்டுக் காளான் குளிர் இல்லாமல் வராது. சமவெளியில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அந்தக் காலத்தில், கல்வராயன் மலையில் கரியாலூரில் ஒரு பெண்மணி மார்கழிக் குளிரை நம்பி அதை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஸ்டெல்லா. அங்கே பால்வாடி டீச்சர். பிறந்த வீடு கீழே கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கணவர் தேவராஜ் பஸ் கண்டக்டர், வார விடுப்புக்கு மட்டும் மலைக்கு வருவார். வீட்டுக்குப் பின்னால் மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த கொட்டகையில் மரப்பெட்டிகளை அடுக்கி, வைக்கோலும் கோழி எருவும் சேர்த்து மக்க வைத்த உரத்தை நிரப்பி, காளான் வித்துப் போட்டு, மேலே மண் மூடி வளர்த்தார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் போட்டது அத்தனையும் போயிற்று. வெள்ளையாகப் படர்ந்திருந்த இழை திடீரென்று காணாமல் போய், உரம் கறுத்து, நசநசவென்று ஈரமாகி, பெட்டி உள்வாங்கிவிட்டது. நாங்கள் ஒரு பை உரம் அள்ளி வந்து புனலில் போட்டோம். மறுநாள் மேடம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். எண்ண முடியாத அளவுக்கு இருந்தார்கள், எல்லோர் வாயிலும் ஊசி.

குருணை மருந்தை உரத்தில் கலந்து இந்தப் புழுவைத் தடுக்க முடியுமா, அப்படித் தடுத்தால் மருந்து காளானில் எவ்வளவு ஏறும் என்று பார்க்கத்தான் அந்த மார்கழியில் ஸ்டெல்லாவின் கொட்டகையில் சோதனை போட்டோம். பாதிப் பெட்டிகளில் வித்துப் போடும்போதே அந்த ஊதா நிறக் குருணையை எடை போட்டுக் கலந்தோம். மீதிப் பெட்டிகளில் ஒன்றுமே கலக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, மருந்து போட்டவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டினோம். துணி கட்டிய பெட்டியில் வரும் காளானை நாங்கள் சோதனைக்கு எடுத்தது போக மீதியைக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்பது கண்டிப்பு.

ஸ்டெல்லாவுக்கு மனசே ஆகவில்லை. "ரெண்டும் ஒரே வூட்ல வளர்ற புள்ளைங்கதானே மேடம்? ஒண்ணுக்கு மருந்து குடுத்து இன்னொண்ண அப்படியே வுட்டுடறதா?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணுமே டீச்சர்" என்றார் மேடம்.

"தெரியட்டும் மேடம். ஆனா பாவமா இல்ல?"

அப்போது ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இது தங்கியதில் அவருக்கு இருந்த பூரிப்பைப் பார்க்க எங்களுக்கே சந்தோஷமாக இருந்தது. காளான் மேல் ஆசையாக இருக்கிறது, துணி கட்டாத பெட்டியில் வருவதைச் சாப்பிடலாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். "தாராளமா சாப்பிடுங்க. அதுல ஒண்ணும் கலக்கலை" என்றார் மேடம்.

சில வாரம் கழித்து நாங்கள் மறுபடி போனபோது விசித்திரமாக ஒன்றைப் பார்த்தோம். மருந்து போடாத பெட்டிகளின் ஓரங்களில் கறுப்பு விழுந்து நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் பரவவில்லை. புது இழை வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த உரத்தை எடுத்து வந்து புனலில் போட்டால் தண்ணீர் அசையவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். மேடத்துக்கு இல்லை. "இருந்தாங்கல்ல ராமலிங்கம்? எங்க போனாங்க?" என்று டப்பாவைத் திறந்து வளையல்களைப் போட்டுக்கொண்டே கேட்டார். ஸ்டெல்லாவிடமும் அன்று இரண்டு விதமாகவும் கேட்டிருந்தார். "இதுக்கு மருந்து ஏதாவது போட்டீங்களா?" இல்லை. "மருந்தே போடாத பெட்டி எது எது?" ஸ்டெல்லா ஒவ்வொன்றாகச் சரியாகத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஆள் அப்போது பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

மேடத்துக்குத் திருப்தி இல்லாததால் இன்னொரு முறை உரம் எடுத்துவர என்னை மட்டும் மலைக்கு அனுப்பினார். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எந்த ரோடு எப்போது அடைபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் தம்பியே அந்த நாட்களில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ரோட்டு மறியலில் உட்கார்ந்திருந்தான். புழு எண்ணுகிற உத்தியோகம்கூட எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா என்று என்னிடமே கேட்டவன் அவன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று கள்ளக்குறிச்சியில் நான் ஏறிய பஸ், கச்சிராயபாளையம் போவதற்குள் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸின் கண்டக்டர் தேவராஜ்தான். இறங்கி வேப்பமர நிழலில் நின்றோம். மனிதருக்கு அன்று நல்ல உற்சாகம்.

"உங்க சோதனை இன்னா சார் ஆச்சு? எல்லாப் பொட்டியும் தேறிடுச்சாமே?"

"ஆமாங்க, எங்களுக்கே ஆச்சரியமா இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "ஆச்சரியம் இன்னா சார். நான்தான் போட்டேன். போன தடவ லீவுக்குப் போனப்ப, துணி கட்டாத பொட்டிங்க ஓரம் கறுத்துப் போச்சுன்னு அழுதுக்கினே இருந்தா. வயித்துப் புள்ளக்காரி அழலாமா? கள்ளக்குறிச்சி கடையில அதே ஊதாக் குருணைய வாங்கினு போயி, அவ பால்வாடிக்குப் போன நேரம் பாத்து, கரும்புக்கு வெக்கிறாப்புல குச்சியால குழி போட்டு எல்லாப் பொட்டிக்கும் வச்சி மூடிட்டேன். அவளுக்குத் தெரியாது. நீங்களும் மேடத்தாண்ட சொல்லிடாதீங்க சார்."

எடை இல்லை, அளவு இல்லை, மேல்மண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். துணி கட்டாத பெட்டிகளில் இப்போது முதல் பறிப்பு வரப்போகிறது. அதைத்தான் சாப்பிடலாம் என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். அதில் ஒரு தட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதும் திட்டமாகத் தெரியாது, இப்போதும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தச் சோதனையே. வாந்தி, மயக்கம், கை நடுக்கம் என்று அதோடு நின்றாலும் நிற்கும். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகும் என்று யார் சொல்வது?

"காளான் வர ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"மொட்டு வச்சிருக்குன்னு முந்தாநேத்து ஜீப்புக்காரன்கிட்ட சொல்லி அனுப்பிச்சிருந்தா. ஏன் சார்?"

சொன்னேன். கொஞ்சம் நயமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிற நேரமா அது? அவர் டிக்கெட் பையைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்துவிட்டு மரத்தை நோக்கி ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மறியல்காரர்களில் ஒரு இளைஞர் மறித்தார். "யாரும் போவக்கூடாது. திரும்பிப் போங்க."

தேவராஜ் கையைக் கூப்பினார். நான்தான் சொன்னேன், இவர் மனைவி கர்ப்பமாக இருக்கிறார், சாப்பாட்டில் மருந்து கலந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாது என்று. துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"எந்த ஊரு?"

"கரியாலூர்."

"மலைக்கு நடந்து எப்பப் போயி சேருவீங்க? டேய், அந்த சைக்கிள எடுத்தாங்கடா. நம்ம வூட்டுப் பொண்ணுன்னா குந்தினு வேடிக்க பாப்பமா?"

எங்களை மறித்த அதே இளைஞர்தான் தன் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார். வழியில் இன்னும் இரண்டு மரம் கிடக்கிறது, சைக்கிளைத் தூக்கித் தாண்டுங்கள், யாராவது கேட்டால் பெரியவர் பேரைச் சொல்லுங்கள் என்றார். தேவராஜ் மிதித்தார், நான் கேரியரில் உட்கார்ந்தேன். வழியில் இருந்த அணையைத் தாண்டுகிறவரை அவர் மிதியைத் தளர்த்தவில்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மலை அடிவாரத்தில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த ஜீப் ஒன்று கீழே ரோடு அடைப்பு என்று கேள்விப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டோம். வளைவுக்கு வளைவு தேவராஜ் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நேத்தே பறிச்சிருப்பாளா சார்?"

"இருக்காதுங்க. மொட்டு விரியணும்ல" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒரே நாளில் விரியும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

கரியாலூரில் இறங்கும்போது வெயில் சாய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வெளியிலேயே தாளித்த வாசனை வந்தது. ஸ்டெல்லா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"வந்துட்டீங்களா? மறியல்னாங்களே, வரமாட்டீங்கன்னு நெனச்சேன். அட, அண்ணாவும் வந்திருக்காங்க!"

தேவராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைத் தாண்டி உள்ளே போனார். அடுப்பில் இருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கிக் கீழே வைத்தார்.

"சாப்ட்டியா?"

"ஐயோ, சுடுது, இன்னாங்க பண்றீங்க?"

"சாப்ட்டியா சொல்லு!"

"நீங்க வராம எப்படிச் சாப்புடுவேன்? நேத்து பறிச்சத வச்சிக்கினே இருந்தேன். இதுக்கு மேல வச்சா கெட்டுப் பூடும்னு இப்பத்தான் அடுப்புல ஏத்தினேன்."

"உப்புப் பாத்தியா?"

"இல்ல. இனிமேதான் உப்பே போடணும்."

தேவராஜ் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் அப்படித் தேம்பி அழுததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஸ்டெல்லா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை தானாக வயிற்றின் மேல் போய் நின்றது. பிறகு கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, சுட்டுச் சிவந்திருந்த விரல்களைப் பிரித்துத் தண்ணீரில் வைத்தார்.

"இன்னாத்துக்குங்க எனக்குத் தெரியாம போட்டீங்க?"

"நீ அழுத."

பிறகு மூவருமாகக் கொட்டகைக்குப் போனோம். துணி கட்டாத பெட்டிகளில் காளான் அன்று அப்படி வந்திருந்தது. நான் பார்த்ததிலேயே அழகான பறிப்பு அதுதான் என்று இப்போதும் சொல்வேன். சட்டியில் இருந்ததையும் பெட்டிகளில் இருந்ததையும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். ஸ்டெல்லாவைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் ஓரமாக நின்று, "அது மூலையில இன்னொண்ணு இருக்கு பாருங்க" என்று காட்டிக்கொண்டே இருந்தார்.

ரோடு திறந்ததும் மேடம் வந்தார். காலியான பெட்டிகளைப் பார்த்தார். தேவராஜ் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"எந்தெந்தப் பெட்டிக்குப் போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் மேடம்."

மேடம் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "போடாம விட்டது எது?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

"சரி" என்றார். "சாகட்டும்னு வெச்ச பெட்டியை வளர்க்கிறவங்க கையில குடுத்துட்டுப் போயிட்டோம். நானும் யோசிச்சிருக்கணும்" என்றார். ஒரு வருட வேலை மண்ணுக்குள் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் மருந்து போடாத பெட்டியை எந்த விவசாயி வீட்டிலும் வைத்ததில்லை. அவை எப்போதும் எங்கள் நிலையத்தில்தான் இருக்கும், எங்கள் கண்முன்னால்தான் அழுகும். காளானுக்குக் குருணை என்ற யோசனையையும் மேடம் அன்றோடு விட்டுவிட்டார். அதற்குப் பதில் புழு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் புனலில் போட்டுத் தேடினோம். மேலே மூடுவதற்கு ஓடைக்கரையிலிருந்து எடுத்த மண்ணில் இருந்தார்கள்.

சித்திரையில் ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் சரியாக இருந்தது, அழுகைதான் ஜாஸ்தி. அடுத்த குளிர்காலத்தில் மேல்மண்ணைப் பீப்பாயில் போட்டு ஆவியில் நன்றாக வேக வைத்து, பெட்டிகளைக் கொதிநீரில் கழுவி, மருந்து என்று ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமல் ஸ்டெல்லா மறுபடி காளான் போட்டார். புனல் தண்ணீர் கடைசிவரை அசையவில்லை. முதல் பறிப்புக்கு மேடத்தையும் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

தட்டு வைத்து, சோறு போட்டு, காளான் குழம்பு ஊற்றும் நேரத்தில் தேவராஜ் முதலில் தன் தட்டை நீட்டினார்.

"விருந்தாளிங்களுக்கு முன்னாடி தட்ட நீட்டறதப் பாருங்க மேடம்" என்று ஸ்டெல்லா சிரித்தார்.

தேவராஜ் சிரிக்கவில்லை. குழம்பை மட்டும் வாங்கி முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு, ஸ்டெல்லா எங்களுக்கும் ஊற்றி முடித்ததும், கையைக் காட்டி எங்களைத் தடுத்தார். "யாரும் தொடாதீங்க. கொஞ்ச நேரம் ஆவட்டும்."

"ஐயோ, ஒரு மருந்தும் போடலங்க. மண்ண வேக வச்சதே நான்தான். போடலன்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கும் போடலன்னுதான உனக்குத் தெரியும்?"

ஸ்டெல்லாவின் சிரிப்பு நின்றது. மடியில் இருந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதல் கவளத்தை விரலில் எடுத்திருந்த மேடம் அதைத் தட்டிலேயே வைத்தார். "இருக்கட்டும் டீச்சர். காத்திருக்கலாம்" என்றார்.

காத்திருந்தோம். சோறு ஆறிப்போனது. குழந்தை தூங்கிவிட்டது. தேவராஜ் எழுந்து வெளியே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தன் இரண்டு கைகளையும் நீட்டி நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கரண்டியை எடுத்து, குழம்பை ஸ்டெல்லாவின் தட்டில் தானே ஊற்றினார்.